ஏழைகள் எந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள்?

(சேத்தியாத்தோப்பில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் "வேலை, வருமானம், தரித்திரம்" என்பது பற்றிச் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குப் பேசக் கொடுத்திருக்கிற விஷயம் வேலை, வருமானம், தரித்திரம் என்பதாகும். இது பொருளாதாரம் படித்த பண்டிதர்கள் பேச வேண்டிய விஷயம், நமக்கென்ன தெரியும் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். வயிறு படைத்தவர்கள் எல்லோரும் பேச வேண்டிய விஷயம் இது என்பது என் அபிப்பிராயம். பண்டிதர்கள் மாத்திரமே பேசி வந்ததனால்தான் இந்த விஷயத்தில் இவ்வளவு புரட்டு நுழைந்து விட்டது. ஆதலால் உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளை வைத்தே, உங்களுக்குத் தெரிந்த கணக்கிலேயே பேசுகிறேன்.

முதலாவதாக, நாம் நின்று கொண்டிருக்கிற இந்த ஊரைச் சுற்றிப் பாருங்கள். இங்கேயிருந்து சிறிது தூரத்தில் நெய்வேலி இருக்கிறது. பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது என்று 1930-களில் கிணறு தோண்டும்போது தெரிந்தது. 1956-ம் வருஷத்தில் கம்பெனி ஏற்பட்டு, 1957-ல் சுரங்க வேலை ஆரம்பமாயிற்று. 1962 முதல் மின்சாரம் உற்பத்தியாகிறது. அந்த மின்சாரம் இந்த மாகாணத்திற்கு மாத்திரமல்லாமல் அக்கம்பக்கத்து மாகாணங்களுக்கும் போகிறது. மேற்கே விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் வேலை கற்றுக் கொடுப்பதற்கென்றே ஒரு பள்ளியும் இருக்கிறது. நம் ஊரிலேயே சர்க்கரை ஆலை இருக்கிறது. வெள்ளாற்றில் அணைக்கட்டு இருக்கிறது. வீராணம் ஏரித் தண்ணீர் 2004-ம் வருஷம் முதல் இந்தச் சேத்தியாத்தோப்பிலிருந்து ஏற்றப்பட்டு, 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயிலே ஓடி, சென்னைப் பட்டணத்து ஜனங்களுக்குக் குடிதண்ணீராகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் அனுப்பும்படியாக அந்தத் திட்டம் போடப்பட்டது.

ஆகவே தோழர்களே, வெளிச்சம் இந்தப் பக்கத்திலிருந்து போகிறது. தண்ணீர் இந்தப் பக்கத்திலிருந்து போகிறது. சர்க்கரை போகிறது, நெல் போகிறது. இவ்வளவும் போகிற ஊரிலிருந்து, படித்த பிள்ளையும் படிக்காத பிள்ளையும் மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் ஏன் போகிறான்? பூமி வரண்டு கிடந்தால் போகிறான் என்று சொல்லலாம். செல்வம் விளைகிற பூமியிலிருந்து ஏன் போகிறான்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் இன்று நமது வேலை.

சராசரி என்னும் புரட்டு

ஒரு ஜில்லா ஏழையா, பணக்காரனா என்று சொல்ல வேண்டுமானால், ஜில்லாவில் உண்டாகிற மொத்த வருமானத்தை ஜனத்தொகையால் வகுத்து, "ஆளுக்கு இவ்வளவு" என்று சொல்லி விடுகிறார்கள். இது எப்படிப்பட்ட கணக்கு என்று பார்ப்போம்.

ஒரு தெருவில் 10 வீடு இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்காரருக்குப் பெரிய கம்பெனியில் நிரந்தர உத்தியோகம். மாதம் 1,00,000 ரூபாய் வருகிறது. மற்ற 9 வீட்டுக்காரர்கள் நடவுக்கும், சித்தாள் வேலைக்கும், கரும்பு வெட்டுக்கும் போகிறவர்கள். வீட்டுக்கு மாதம் 8,000 ரூபாய் வருகிறது. மொத்தம் 1,72,000 ரூபாய். பத்தால் வகுத்தால் வீட்டுக்கு 17,200 ரூபாய். "ஆஹா, இந்தத் தெரு செழிப்பான தெரு" என்று எழுதி விடுவான் கணக்குப்பிள்ளை. ஆனால் அந்தத் தெருவில் எந்த வீட்டுக்காவது 17,200 ரூபாய் வருகிறதா? ஒரு வீட்டுக்கும் வருவதில்லை. இல்லாத வீட்டின் வருமானத்தை எழுதி, இருக்கிற 9 வீட்டை மறைத்து விட்டான். அந்தப் பத்து வீட்டையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தி, நடுவிலே நிற்கிற வீட்டைக் கேட்டிருந்தால் 8,000 என்று உண்மை வெளிவந்திருக்கும். நடுவீட்டைக் கேட்காமல் சராசரியைச் சொல்லுகிற கணக்கு எதுவாயிருந்தாலும் அதைச் சந்தேகப்பட வேண்டியது நம் கடமையாகும்.

பெரிய சுரங்கமும் அனல் மின்நிலையமும் இருக்கிற ஒரு ஜில்லாவில் இந்தப் புரட்டு இன்னும் பெரிதாகி விடும். சுரங்கத்திலிருந்து எடுத்த கரியின் விலையும் ஜில்லாவின் உற்பத்தியாகக் கணக்கில் ஏறுகிறது. அந்தக் கரிக்காக நிலத்தை விட்டவனின் வீட்டிலே அடுப்பெரிகிறதா என்பது அதில் ஏறுவதில்லை.

வேலையுள்ளவன் யார்?

அடுத்தபடியாக, வேலையில்லாதவர்கள் நூற்றுக்கு இத்தனை பேர்தான் என்று பத்திரிகைகளில் போடுகிறார்கள். மிகச் சிறிய எண்ணாக இருக்கும். அதைப் பார்த்து, "என்னடா இது, நம் தெருவிலே இத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே" என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

சங்கதி என்னவென்றால், 2017 முதல் மத்திய சர்க்கார் நடத்தி வருகிற தொழிலாளர் கணக்கெடுப்பிலே, வாரக் கணக்கு என்று ஒன்று உண்டு. அதன்படி, கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் அவன் வேலையுள்ளவன். வருஷக் கணக்கு என்று இன்னொன்று உண்டு. அதிலே, வருஷத்தில் ஒரு 30 நாள் துணைத் தொழிலாக ஏதாவது செய்திருந்தாலும் வேலையுள்ளவனாகச் சேர்த்துக் கொள்ளலாம். இது களவாகச் செய்கிற காரியமல்ல. உலகத்தில் பல தேசங்களும் ஒப்புக்கொண்ட முறைதான். ஆனால் மாதச் சம்பளமும், விடுமுறையும், வியாதி வந்தால் ஆஸ்பத்திரியும் உள்ள தேசத்து மனிதனை அளக்கச் செய்த படியைக் கொண்டு, நம் ஊர்க் களையெடுக்கிற அம்மாவை அளந்தால் எப்படியிருக்கும்? வேலை இல்லையென்று சும்மா உட்கார்ந்திருக்க ஏழைக்கு வசதி ஏது? ஒரு மணி நேர வேலை கிடைத்தாலும் ஓடித்தானே ஆக வேண்டும்! அப்படி ஓடியவுடனே அவள் வேலையில்லாதவர்கள் கணக்கிலிருந்து விழுந்து விடுகிறாள்.

ஆகவே, "வேலை இருக்கிறதா?" என்று கேட்டால் நம் ஜனங்களின் நிலை தெரியாது. "எத்தனை நாள் இருந்தது? எவ்வளவு கைக்கு வந்தது? அடுத்த வாரம் இருக்குமா?" என்று கேட்டால்தான் தெரியும்.

தரித்திரம் ஒழிந்து விட்டதா?

நிற்க, தமிழ்நாட்டில் தரித்திரமே ஒழிந்துவிட்டது என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் காட்டுகிற ஆதாரம் நிதி ஆயோக்கின் கணக்கு. 2019-21 சர்வேயின்படி தமிழ்நாட்டில் பலமுகத் தரித்திரத்தில் இருப்பவர்கள் நூற்றுக்கு 2.20 பேர். இந்தியா முழுவதற்கும் 14.96 பேர்.

இதை நான் பொய்யென்று சொல்ல வரவில்லை. பழைய காலத்துப் பசிக் கொடுமை இன்று இங்கே குறைந்திருக்கிறது என்பது கண்கூடு. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடைக்கிறது. ஆனால் அந்தக் கணக்கிலே என்னென்ன கேட்கப்படுகின்றன? சத்துணவு, படிப்பு, கக்கூசு, மின்சாரம், பாங்கிக் கணக்கு, குடிதண்ணீர் இப்படி 12 சங்கதிகள் கேட்கப்படுகின்றன. "உன் கூலி எவ்வளவு? எத்தனை நாள் வேலை? எவ்வளவு கடன்?" என்ற கேள்வி அதிலே கிடையாது. வீட்டிலே விளக்கு எரிகிறது, பாங்கியிலே கணக்கு இருக்கிறது என்றால் அந்த மட்டும் அவன் ஏழையல்ல. அந்தப் பாங்கிக் கணக்கில் எத்தனை ரூபாய் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை!

செலவை வைத்துப் போட்ட கோட்டையும் பாருங்கள். 2011-12-ல் கிராமத்தில் மாதம் ஆளுக்கு 816 ரூபாய், நகரத்தில் 1,000 ரூபாய் செலவழிக்கக் கூடியவன் ஏழையல்ல என்று டெண்டுல்கர் கமிட்டி முறைப்படி கோடு போட்டார்கள். நாளொன்றுக்கு 27 ரூபாயும் 33 ரூபாயும் ஆகிறது. பிறகு 2014-ல் ரங்கராஜன் கமிட்டி அதை 32 ஆகவும் 47 ஆகவும் உயர்த்திச் சொல்லிற்று. கோடு ஏறினால் ஏழை பெருகுகிறான். கோடு இறங்கினால் ஏழை குறைகிறான். அவனுடைய சோற்றுப் பானையில் மாத்திரம் யாதொரு மாறுதலும் இல்லை.

பேர் டவுன், பிழைப்பு கிராமம்

இனி நம் ஊர் விஷயத்திற்கு வருகிறேன். சேத்தியாத்தோப்பு ஒரு பேரூராட்சி. சர்க்கார் பாஷையில் இது நகர்ப்புறம். இங்கே கடைத்தெரு இருக்கிறது, பஸ் நிலையம் இருக்கிறது, பாங்கி இருக்கிறது. ஆனால் பொழுது விடிந்தால் இந்த ஊரிலிருந்து எத்தனை பேர் மண்வெட்டியும் அரிவாளும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகிறார்கள்? பேர்தான் டவுன், பிழைப்பு கிராமத்துப் பிழைப்பு.

இதனால் வந்த பலன் என்ன? 2005-ம் வருஷத்தில் பார்லிமெண்டில் கிராம வேலை உறுதிச் சட்டம் செய்தார்கள். 100 நாள் வேலை என்று நீங்கள் எல்லோரும் சொல்லுவது அதுதான். அந்தச் சட்டம் கிராமப் பஞ்சாயத்துக்கு இருந்தது, பேரூராட்சிக்கு இருக்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிராமப் பஞ்சாயத்து எல்லையிலே குடியிருக்கிற அம்மாள் வேலைக்கு மனுக் கொடுக்கலாம். ரோட்டுக்கு இந்தப் பக்கம் பேரூராட்சி எல்லையிலே குடியிருக்கிற அம்மாள் கொடுக்க முடியாது. இருவரும் ஒரே வயலில் நாற்று நடுகிறவர்கள், ஒரே வாய்க்காலில் கால் கழுவுகிறவர்கள். இவர்களைப் பிரித்தது எது? வரைபடத்தில் போட்ட ஒரு கோடு!

இது நம் ஊர்க் கதை மாத்திரமல்ல. இந்த மாகாணத்தில் சுமார் 490 பேரூராட்சிகள் இருக்கின்றன. 2025-ம் வருஷத் தொடக்கத்தில் பல கிராமப் பஞ்சாயத்துகளைப் பக்கத்து நகரங்களோடு சேர்க்க உத்தேசித்தபோது, கிராமத்துப் பெண்கள் தெருவுக்கு வந்து, "எங்களுக்கு டவுன் பட்டம் வேண்டாம், வேலை வேண்டும்" என்று கிளர்ச்சி செய்தார்கள். அதைப் பார்த்து, முன்னேற்றம் வேண்டாமென்கிற பட்டிக்காட்டார் என்று சிலர் பரிகாசம் செய்தார்கள். அவர்களா பட்டிக்காட்டார்? வரி ஏறும், வேலை போகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த புத்திசாலிகள் அவர்கள். நகரத்து ஏழைக்கென்று தமிழ்நாடு சர்க்கார் 2022-ல் ஒரு வேலைத் திட்டத்தைச் சில ஊர்களில் மாத்திரம் சோதனையாக ஆரம்பித்தது. சோதனை செய்து பார்க்கலாம். ஆனால் பசி சோதனை முடிகிறவரை காத்திருக்குமா?

அந்த 100 நாள் வேலைதான் எவ்வளவு கொடுத்தது என்று பார்ப்போம். 2025-26-ல் தமிழ்நாட்டிற்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். 100 நாளும் கிடைத்திருந்தால் குடும்பத்திற்கு வருஷத்தில் 33,600 ரூபாய். மாதத்திற்கு 2,800. வீட்டில் 4 பேர் என்றால் ஆளுக்கு 700 ரூபாய். ஆனால் தேசம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் குடும்பத்திற்குச் சராசரி சுமார் 50 நாள்தான் வேலை கிடைத்து வந்தது. அப்படியானால் ஆளுக்கு மாதம் 350 ரூபாய். 2025 டிசம்பரில் இந்தச் சட்டத்திற்குப் பதிலாக, 125 நாள் என்று சொல்லி வேறொரு சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறிற்று. 100 என்று எழுதியபோது 50 வந்தது. 125 என்று எழுதினால் எத்தனை வரும் என்பதை எழுதியவர் சொல்லமாட்டார். கை நீட்டி வாங்குகிற நீங்கள்தான் எண்ணிச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு அற்பமான தொகைக்கா இத்தனை கிளர்ச்சி என்று கேட்பீர்கள். ஆம் தோழர்களே! அந்தச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. மிராசுதாரர் வீட்டு வாசலில் கைகட்டி நிற்காமல், பேர் எழுதி, பாங்கி மூலம் வாங்கும் கூலி அது. தமிழ்நாட்டில் அந்த வேலை செய்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள் என்றால், அவர்கள் பணத்தை மாத்திரம் தேடிப் போனார்கள் என்று சொல்ல முடியுமா? மானத்தையும் தேடித்தான் போனார்கள்.

நிலத்துக்கு விலை உண்டு, கூலிக்கு?

நிலம் போகிற விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2023 ஜூலை 26-ல் நமக்குப் பக்கத்திலே வளையமாதேவியில் கதிர் வாங்கும் நிலையில் நின்ற நெற்பயிருக்குள் மண் வெட்டும் யந்திரங்கள் இறங்கின. சுரங்க விஸ்தரிப்புக்காகப் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டுகிற வேலை. நிலம் பல வருஷங்களுக்கு முன்பே எடுக்கப்பட்டு விலையும் கொடுக்கப்பட்டு விட்டது என்று கம்பெனி சொல்லிற்று. பயிர் அறுக்கும் வரை பொறுக்கக் கூடாதா என்று ஐக்கோர்ட்டு நீதிபதி கேட்டார். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வீதம் நஷ்டஈடு கொடுக்கும்படி உத்தரவாயிற்று.

நல்லது. நிலத்துக்கு விலை உண்டு. பயிருக்கு நஷ்டஈடு உண்டு. அந்தப் பயிரை அறுக்கப் போகிறவர்களாயிருந்த பெண்களுக்கு என்ன உண்டு? வருஷா வருஷம் அந்த வயலில் நடவும் களையும் அறுப்பும் செய்து பிழைத்தவர்களிடம் பட்டா இல்லை, சிட்டா இல்லை. நிலத்தை நம்பிப் பிழைத்தவர்கள் என்பதற்கு அவர்களிடம் இருக்கிற தஸ்தாவேஜி உள்ளங்கையில் உள்ள காய்ப்புதான்.

1894-ம் வருஷத்து நிலம் எடுப்புச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2013-ல் ஒரு புதுச் சட்டம் செய்தார்கள். அதிலே ஒரு நியாயத்தை ஒப்புக் கொண்டிருக்கிறார்கள். நிலம் எடுப்பதற்கு முன் 3 வருஷமாக அங்கே விவசாயக் கூலியாகவும் குத்தகைதாரராகவும் பிழைத்து, அதையே ஜீவனமாகக் கொண்டவர்களும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்பதே அது. அப்படிப்பட்ட குடும்பத்திற்கு, புதிதாய் ஏற்படும் தொழிலில் ஒருவருக்கு வேலை, அல்லது ஒரே தடவையாக 5 லட்சம் ரூபாய், அல்லது 20 வருஷத்திற்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை என்று அதன் அட்டவணையில் இருக்கிறது. சட்டத்தின் காகிதத்தில் கூலிக்காரன் மனிதனாகி விட்டான். ஆனால் 3 வருஷமாக அங்கே பிழைத்தான் என்று யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? ஒருவரும் எழுதவில்லையென்றால் அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தானே!

உள்ளே வேலைக்குப் போனவர்கள் சங்கதியும் அப்படித்தான். நெய்வேலியில் ஆயிரக்கணக்கான காண்ட்ராக்டுத் தொழிலாளர்கள் தங்களை நிரந்தரமாக்கும்படி கேட்டுப் பல தடவை வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். நிரந்தர ஆளும் காண்ட்ராக்டு ஆளும் ஒரே தூசியைச் சுவாசிக்கிறார்கள். மாதக் கடைசியில் கைக்கு வருகிற தொகை மாத்திரம் வேறு. 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு, பஞ்சாப் சர்க்காரின் தற்காலிக ஊழியர்கள் வழக்கிலே, சம வேலைக்குச் சம சம்பளம் தற்காலிக ஆளுக்கும் உண்டு என்று தீர்ப்புச் சொல்லிற்று. மனுதர்மத்தில் பிறப்பால் பிரித்தார்கள். இப்போது சம்பளப் பட்டியலால் பிரிக்கிறார்கள். அதிலும், அடித்தட்டு வேலைக்கு எந்தத் தெருவிலிருந்து ஆள் வருகிறது, மேல்தட்டு வேலைக்கு எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று பார்த்தீர்களானால், இரண்டு பிரிவினையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதைக் காண்பீர்கள்.

தலையெழுத்தா?

இதற்கெல்லாம் நம் ஜனங்கள் சொல்லுகிற காரணம் என்ன? "எல்லாம் தலையெழுத்து" என்கிறார்கள். அப்படியானால் ஒன்று கேட்கிறேன். 2011-ல் விலையில்லா அரிசி வந்தவுடன் லட்சக்கணக்கான வீடுகளில் பசி குறைந்ததே, அன்றைக்குப் பிரமன் உட்கார்ந்து இத்தனை லட்சம் தலைகளையும் அழித்து எழுதினானா? ரோட்டுக்கு அந்தப் பக்கத்தில் வேலையும் இந்தப் பக்கத்தில் வேலையின்மையும் இருக்கிறதே, பிரமன் எழுதும்போது பேரூராட்சி எல்லையைப் பார்த்தா எழுதினான்? சர்க்கார் உத்தரவால் வரும், சர்க்கார் உத்தரவால் போகும் என்றால் அதற்குத் தலையெழுத்து என்று பேரில்லை. கையெழுத்து என்று பேர். மனிதன் போட்ட கையெழுத்தை மனிதன் மாற்றலாம்.

இன்னும் சிலர், "எல்லார் கையிலும் போன் இருக்கிறது, ஏழை எங்கேயிருக்கிறான்?" என்கிறார்கள். மேஸ்திரி காலையில் ஆள் கூப்பிடுவதே போனில்தான். போன் இல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை. கொத்தனாருக்குக் கரண்டி எப்படியோ அப்படி அது. வேறு சிலர், "குடித்தே கெடுகிறான்" என்கிறார்கள். குடி வீட்டைக் கெடுக்கிறது என்பதை மறுக்க முடியாது; அதனால் முதலில் பட்டினி கிடப்பவர்கள் பெண்டு பிள்ளைகளே. ஆனால் தரித்திரத்திற்கு எல்லாம் குடிதான் காரணமா என்பதை யூகத்தால் சொல்லக் கூடாது; எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படி எண்ணிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்திலே யார்க் என்ற ஊரில் ரவுண்ட்ரீ என்பவர், சாக்லெட்டுக் கம்பெனிக் குடும்பத்துக்காரர், 1899-ல் ஆட்களை வைத்துப் பாட்டாளி வீடுகள் 11,000-க்கு மேல் வீடுவீடாக ஏறி இறங்கிக் கணக்கெடுத்து, 1901-ல் புஸ்தகமாகப் போட்டார். சாம்ராஜ்யத்தின் சொந்த தேசத்தில், அந்த ஊர் ஜனங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 28 பேர் தரித்திரத்தில் இருக்கிறார்கள் என்று வெளியாயிற்று. வயிற்றுக்கே போதாத கடுந்தரித்திரத்தில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள், தினந்தோறும் ஒழுங்காக வேலைக்குப் போகிற குடும்பத்தார்! வேலை இருந்தது; கூலி போதவில்லை. சோம்பேறி, குடிகாரன் என்று ஏழையைத் திட்டிக் கொண்டிருந்தவர்கள் வாய் அடைத்துப் போயிற்று. இப்படிப்பட்ட கணக்குகள் வெளிவந்த பிறகுதான் 1908-ல் அங்கே கிழவர்களுக்குப் பென்ஷன் சட்டம் வந்தது.

அமெரிக்காவிலோ, நகரத்துக்கு வெளியே தோட்டமும் காருமாக வசதிக்காரர்கள் வாழுகிற இடம் என்று பேர் வாங்கின புறநகரங்களில், 2000-க்குப் பிறகு, பெருநகரத்துக்குள் இருக்கிற ஏழைகளைவிட அதிகமான ஏழைகள் சேர்ந்து விட்டார்கள் என்று ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கெடுத்துச் சொன்னார்கள். உதவி நிலையங்கள் பெரும்பாலும் நகரத்துக்குள், ஏழைகள் புறநகரத்தில், நடுவிலே பஸ் வசதியும் குறைவு. பணக்கார ஊர் என்ற பேருக்குள் ஒளிந்து கிடக்கிற ஏழையை யாரும் தேடுவதில்லை என்பது அங்கேயும் உண்மையாயிருக்கிறது.

நம் நாட்டிலும் நல்ல உதாரணம் உண்டு. சென்னை யூனிவர்சிடியில் முதல் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தம் மாணவர்களை அவரவர்கள் கிராமத்திற்கு அனுப்பி வீட்டுக் கணக்கு எடுக்கச் சொன்னார். அப்படி எடுத்த ஊர்களில் ஒன்று நம் பழைய தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்த இருவேல்பட்டு. அந்த ஊரை அதற்குப் பிறகும் பல தடவை, 2008 வரையில் கணக்கெடுத்திருக்கிறார்கள். 1916-ல் கடனுக்கு அடிமைப்பட்டு மிராசுதாரரிடம் கட்டுண்டு கிடந்த படியாள் முறை 2008-ல் இல்லாமற் போயிருந்தது. ஜனங்கள் விவசாயத்துக்கு வெளியே வேலை தேடிப் போக ஆரம்பித்திருந்தார்கள். இது எப்படி நமக்குத் தெரிகிறது? யாரோ ஒருவர் வீடு வீடாகப் போய் எழுதி வைத்ததால் தெரிகிறது.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, நான் உங்களைக் கேட்டுக் கொள்ளுவது ஒரு சிறிய காரியம். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நோட்டுப் புஸ்தகம் போடுங்கள். விலை 50 ரூபாய்க்கு மேல் ஆகாது. படித்து விட்டுச் சும்மா இருக்கிற வாலிபர் ஒருவர், படித்த பெண் ஒருவர், இருவருமாக மாதம் ஒரு தடவை வீடு வீடாகப் போகட்டும். ஊர்த்தெரு என்றும் காலனி என்றும் பிரிக்காமல் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும்; காலனியை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு பொய்க் கணக்காகும்.

அதிலே எழுத வேண்டியவை ஐந்து. போன மாதம் எத்தனை நாள் வேலை கிடைத்தது? ஆணுக்கு என்ன கூலி, பெண்ணுக்கு என்ன கூலி? யாரிடம் வேலை: சொந்தமா, நிரந்தரமா, காண்ட்ராக்டா? கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, வாரா வாரம் குழுக் கடனுக்குக் கட்டுவது எவ்வளவு? பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போன பிள்ளை உண்டா? அவ்வளவுதான். மாதா மாதம் வீட்டுக்காரர் அதிலே கையெழுத்தோ கைநாட்டோ போடட்டும். மூன்று வருஷம் எழுதினால், "இவன் இந்த வயலில் பிழைத்தான்" என்று சொல்ல ஒரு சாட்சி ஆகும். நடுவீட்டு வருமானம் எவ்வளவு என்று வரிசை போட்டுச் சொல்ல ஆதாரம் ஆகும். குடியா, கூலியா, எது காரணம் என்பதும் விளங்கிப் போகும்.

கிராமத்துத் தோழர்கள் அந்தப் புஸ்தகத்தைக் கிராம சபைக்கு எடுத்துப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் மாத்திரமல்லாமல், 2022 முதல் மார்ச் 22-லும் நவம்பர் 1-லும் இந்த மாகாணத்தில் கிராம சபை கூட்டுவதென்று ஏற்படுத்தியிருக்கிறார்கள். பேரூராட்சித் தோழர்கள் தங்கள் வார்டு மெம்பரிடம் கொண்டு போய், "எங்களை டவுன் என்று எழுதினீர்களே, டவுன் ஏழைக்கு என்ன வேலை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். வெறுங்கையோடு போய்க் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். கணக்கோடு போய்க் கேட்டால் பதில் சொல்லித்தான் தீர வேண்டும்.

இதனால் நாளைக்கே தரித்திரம் ஒழிந்து விடும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லுகிறவர்கள் தாயத்து விற்கிறவர்களுக்குச் சமானம். ஆனால் எண்ணப்படாத ஏழைக்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை என்பது நிச்சயம். நம்மை எண்ணுகிற வேலையை இதுவரை பிறரிடம் விட்டிருந்தோம். அவர்கள் சராசரியை எண்ணினார்கள், கக்கூசை எண்ணினார்கள், ஒரு மணி நேரத்தை எண்ணினார்கள். இனி நம் கூலியை நாமே எண்ணுவோம்.

நான் சொன்ன எண்களையும் நீங்கள் அப்படியே நம்பி விட வேண்டியதில்லை. வீட்டிற்குப் போய், ஒரு காகிதத்தில் உங்கள் வீட்டுப் போன மாதக் கணக்கை எழுதிப் பாருங்கள். எத்தனை நாள் வேலை, எத்தனை ரூபாய், எத்தனை கடன் என்று எழுதி, சரியாகப் பட்டால் அடுத்த வீட்டையும் கேளுங்கள். அதுதான் அந்த நோட்டுப் புஸ்தகத்தின் முதல் பக்கம்.